இரண்டு ஈரோவுக்கு ஒரு ஆட்டக்காரர்

பிரான்ஸ் தமிழ்ப் பழம் பேஸ்போல் அட்டைச் சேகரிப்பாளர் ஒன்றியத்தில் நான் பதினேழாவது உறுப்பினன். மொத்த உறுப்பினர் பதினேழு பேர். அதில் பதினாறு பேர் பதவியில் இருக்கிறார்கள். எனக்கும் ஒரு பதவி தருவதாகத் தலைவர் இரண்டு தடவை சொன்னார். நான் பேருந்து ஓட்டுபவன், வேலை நேரம் ஒத்துவராது என்று தப்பித்துக்கொண்டேன். ஆகவே பொதுமக்கள் என்று சொல்லக்கூடிய பகுதி நான் ஒருவன்தான். "பெருந்திரளாகத் திரண்டிருக்கும் பொதுமக்களே" என்று பேச்சாளர்கள் தொடங்கும்போது என்னைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள்.

பேஸ்போல் அமெரிக்கர்களின் விளையாட்டு. ஒருவர் பந்தை எறிவார், மற்றவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். அந்த ஆட்டக்காரர்களின் படம் போட்ட சிறிய அட்டைகள் ஒரு காலத்தில் சுவிங்கம் பைக்கற்றோடு வந்தனவாம். இப்போது அவற்றில் சிலவற்றுக்குப் பெருவிலை. கனடாவில் யாரோ ஒருவருடைய மச்சான், வாடகை வீட்டின் நிலக்கீழ் அறையில் கிடந்த ஓர் அட்டையை விற்று அந்த வீட்டையே வாங்கிவிட்டார் என்ற செய்தி ஒரு சனிக்கிழமை பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து சேர்ந்தது. எந்த மச்சான், எந்த வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை யாப்பு எழுதியாயிற்று. வியாழக்கிழமை இலச்சினையும் வட்ட முத்திரையும் தயார். ஞாயிற்றுக்கிழமை அங்குரார்ப்பணக் கூட்டத்தில், மங்கல விளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்ற பிரச்சினையில் ஒன்றியம் இரண்டாக உடைந்தது. பிரிந்து போனவர்கள் பெயருக்கு முன்னால் 'அனைத்துலக' என்ற சொல்லைப் போட்டுக்கொண்டு புறநகரான பொண்டியில் இயங்குகிறார்கள். அவர்கள் மூன்று பேர்.

இவ்வளவு நடந்தும் எங்கள் ஒருவரிடமும் ஓர் அட்டைகூட இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் பதினொரு விழா எடுத்தோம், நான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம், ஒரு மலர் வெளியிட்டோம். மலரின் முகப்பில் தலைவருடைய படம் இருந்தது.

போன செப்டெம்பரில் 'குறைந்த செலவில் பழம் அட்டை சேகரிக்கத் தொடங்குவது எப்படி?' என்றொரு கருத்தரங்கு வைத்தோம். லா சப்பலில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் மண்டபம். நுழைவுச்சீட்டு முப்பது ஈரோ, மதியச் சாப்பாடு உட்பட. தலைவர் புண்ணியமூர்த்தி சிறப்புரை ஆற்றினார். முன்பு தொலைபேசிக் கடை வைத்திருந்தவர். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் இணைப்பு அறுந்தாலும் கதைப்பார்.

"குறைஞ்ச செலவிலை தொடங்க விரும்புறவை முதலாவதாய்ச் செய்ய வேண்டியது, செலவைப் பற்றி யோசிக்காமல் இருக்கிறது," என்று ஆரம்பித்தார். "முதலிலை ஈரப்பதம் அளக்கிற மெசின் ஒண்டு வேணும். பிறகு நெருப்புப் பிடியாத பெட்டி. பிறகு வெள்ளைக் கையுறை, ஆளுக்கு ஆறு சோடி. இதெல்லாம் வாங்கி முடிய, கையிலை மிஞ்சிற காசிலை அட்டை வாங்கலாம். மிஞ்சேல்லையோ, அவசரப்படக் கூடாது. நான் இரண்டு வருசமாய் அவசரப்படேல்லை."

கைதட்டினோம். கேள்வி நேரம் வந்தது. வழக்கமாக ஒருவரும் கேட்பதில்லை, மேலே சாப்பாடு ஆறிவிடும். அன்று கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். கூட்டம் முழுக்க அவனுடைய வலது கால் ஆடிக்கொண்டே இருந்ததை நான் கவனித்திருந்தேன். பெயர் சிவதர்சன். கிளிநொச்சிப் பக்கம். பாரிசுக்கு வந்து ஐந்து வருடம், கார் டு நோர் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான், புறநகரான சார்செலில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். பகல் வேலைக்கும் பின்னேர வேலைக்கும் நடுவில் கிடைத்த மூன்று மணித்தியாலத்தில் ஓடி வந்திருந்தான்.

"ஐயா, எனக்குச் சேகரிக்கிற எண்ணமெல்லாம் இல்லை. என்னட்டை ஒண்டு இருக்கு. அதைப் பழுதாகாமல் ஊருக்கு அனுப்புறது எப்பிடி எண்டு கேட்டுப் போகத்தான் வந்தனான்."

பயண அட்டை வைக்கும் உறைக்குள்ளிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினான். ஒன்றியம் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஓர் அட்டையைப் பார்த்தது.

"கையாலை தொட்டுட்டான்!" என்று யாரோ கத்தினார்கள்.

அவனுக்கு அந்த அட்டை ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவேண்டும். பொண்டியில் தெருவோரப் பழம்பொருள் சந்தை ஒன்றில், பிஸ்கற் தகரம் ஒன்றுக்குள் அவன் அதைக் கண்டான். விலை இரண்டு ஈரோ. படத்தில் இருந்தவர் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி, இடக்கை ஆட்டக்காரராக, நாடியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு காது வெளியே தள்ளியிருந்தது. சிவதர்சனுக்கு பேஸ்போல் தெரியாது. எங்கள் பள்ளிக்கூட மைதானங்களில் விளையாடுகிற எல்லே தெரியும். மட்டையால் அடித்துவிட்டு ஓடுவதுதான் அதுவும். அவனுடைய அண்ணன் சேந்தன் எல்லே விளையாடுவான், இடக்கையால். நாடியைத் தோளில் வைத்துக்கொண்டுதான் நிற்பான். பதினாறு வருடத்துக்கு முன், யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் காணாமல் போனான். இடம்பெயர்ந்து ஓடியதில் அல்பமும் போய்விட்டது. வீட்டில் அவனுடைய ஒரு படம்கூட இல்லை.

அட்டையைப் படமெடுத்துத் தாய் புனிதவதிக்கு அனுப்பியிருந்தான். அவ உடனே போன் எடுத்தா.

"எனக்குப் பைத்தியம் இல்லை மோனை. ஆரோ வெள்ளைக்காரன் எண்டு தெரியுது. ஆனா அவன் நிக்கிற மாதிரியே நிக்கிறான். உதை எனக்கு அனுப்பு. சுவரிலை கொழுவப் போறன். மாலை போடமாட்டன், விளக்குக் கொளுத்தமாட்டன். சும்மா கொழுவி வைக்கப் போறன்."

தபாலில் போடப் பயம். அவனுடைய அறைக்கு மேல்மாடியில் இருக்கும் ரோசாலி அக்கா டிசம்பர் முதல் ஞாயிறு ஊருக்குப் போகிறா. அவவிடம் கொடுத்துவிடலாம். இவ்வளவுதான் விசயம்.

ஒன்றியத்துக்கு அது இவ்வளவுதான் விசயமாக இருக்க முடியாது. தலைவர் கையுறை மாட்டிக்கொண்டு அட்டையை வாங்கினார். "தம்பி, உறுதிப்படுத்தப்படாத அட்டையை வெளியிலை விடேலாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் ஆர் பொறுப்பு?" என்று அதை நெருப்புப் பிடியாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டிக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு வேலை வந்தது. சிவதர்சனுக்கு ஒரு ரிசிப்பிசே கொடுத்தார்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லும் தாள், ஒரு மாதத்துக்குச் செல்லும். அத்தோடு அவனைப் பதினெட்டாவது உறுப்பினனாகவும் ஆக்கினார்கள். உறுப்பினர் அல்லாதவரின் அட்டையைப் பறிமுதல் செய்ய யாப்பில் இடமில்லை.

அடுத்த கிழமை அவன் செயலாளர் மனோரஞ்சிதத்திடம் போனான். அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடை இருக்கிறது. லா சப்பலில் பாதிப் பேரின் பிறந்த திகதி எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒன்றியத்துக்கென்று பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்து வைத்திருந்தார். சிவதர்சன் நிரப்பிக் கொடுத்த கோப்பை, பிரெஞ்சில் தொசியே என்பார்கள், விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"உங்கட தொசியே முழுமையில்லை தம்பி. ஆட்டக்காரற்றை வதிவிட அத்தாட்சி எங்கை?"

"அக்கா, அவர் அட்டையிலை இருக்கிறவர்."

"அட்டை எங்கை இருந்தது?"

"என்ரை அறையிலை."

"அப்ப உம்மோடை வசிக்கிறார். நீர் அவரைத் தங்க வைச்சிருக்கிறதாய் ஒரு கடிதமும், மூண்டு மாசத்துக்கு உட்பட்ட கரண்ட் பில்லும் வேணும். பில் உம்மடை பேரிலை இருக்கோ?"

இல்லை. நால்வர் இருக்கும் அறையில் பில் ஐந்தாவது ஆளின் பெயரில் இருந்தது. அந்த ஆள் லியோனுக்குப் போய்விட்டார். சிவதர்சன் ஒரு லீவு நாளில் லியோன்வரை போய்க் கையெழுத்து வாங்கி வந்தான். திரும்பி வந்தபோது ரிசிப்பிசே முடிந்திருந்தது. புதுப்பிக்க இரண்டு போட்டோ கேட்டார்கள், ஆட்டக்காரருடையது, காது தெரியும்படி. அட்டை பெட்டிக்குள் இருப்பதால் போட்டோ எடுக்க முடியாது என்றான். பெட்டியைத் திறக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதற்கு ரிசிப்பிசே வேண்டும்.

பிறகு விற்றவரின் அத்தாட்சி கேட்டார்கள். அவன் பொண்டிக்கு மூன்று ஞாயிறு அலைந்து அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்தான். மரி-லூயிஸ் என்று பெயர், எண்பது வயது. கறுத்த நாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே அவனுடைய கதையைக் கேட்டா. எல்லாம் புரிந்ததோ தெரியாது. பாண் சுற்றி வந்த பையைக் கிழித்து, 'இந்த ஐயாவுக்கு இரண்டு ஈரோவுக்கு ஒரு ஆளை விற்றேன், நல்ல நிலையில்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தா. இவ்வளவு அலைச்சலில் அவனுக்கு உதவிய ஒரே 'அலுவலர்' அவதான்.

மனோரஞ்சிதம் அதை வாசித்துவிட்டு, "ஆளை வித்தது சட்டவிரோதம்," என்றார். ஆனால் கோப்பில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் நடுவில் தரநிர்ணயக் குழு கூடியது. குழுவின் தலைவர் இரத்தினம், நகைக்கடை வைத்திருப்பவர். அட்டையைத் தங்கத் தராசில் நிறுத்தார். ஒன்று தசம் எட்டுக் கிராம் என்று வாசித்துவிட்டு, பழக்கதோசத்தில் சேதாரம் கழித்து ஒன்று தசம் ஆறு என்று எழுதினார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு நான்கு மூலையையும் பார்த்தார். பிறகு விசாரணை தொடங்கியது. சிவதர்சன் ஒரு கதிரையில் தனியாக. எதிரே மேசை, மூன்று பேர், ஒரு தண்ணீர்ப் போத்தல். போத்தல் அவர்களுக்கு.

"இவர் எப்ப பிரான்சுக்குள்ளை வந்தவர்?" இரத்தினம் கேட்டார்.

"தெரியாது ஐயா."

"எந்தப் பாதையாலை?"

"நான் காணேக்கை பொண்டியிலை ஒரு மேசையிலை கிடந்தவர்."

"அதுக்கு முதல்?"

"பிஸ்கற் தகரத்துக்கை."

"தகரத்துக்கை எத்தினை வருசம்? ஞாபகமில்லையோ? சரி. அமெரிக்காவிலை அவருக்கு என்ன பிரச்சினை? ஏன் வெளிக்கிட்டவர்?"

"பிரச்சினை இருந்ததெண்டு எனக்குத் தெரியாது."

"பிரச்சினை இல்லாமல் ஒரு மனிசன் தன்ரை நாட்டை விட்டு வருவானோ?"

சிவதர்சன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பொதுமக்கள் என்ற முறையில் சுவரோரம் நின்றேன். அவனுடைய கால் மறுபடி ஆடத் தொடங்கியது. ஐந்தரைக்கு வேலைக்குப் போகவேண்டும், மணி ஐந்து பத்து.

பத்து நாளில் பதிவுத் தபாலில் முடிவு வந்தது. விண்ணப்பதாரரின் விளக்கங்கள் பொதுவானவை, சுருக்கமானவை, தனிப்பட்ட அனுபவத்தின் சாயல் அற்றவை. ஆட்டக்காரர் அமெரிக்காவை விட்டு வெளியேறிய சூழ்நிலை நம்பத்தகுந்த முறையில் நிறுவப்படவில்லை. ஆகவே நிராகரிக்கப்படுகிறது. ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

இந்த வசனங்கள் எனக்கு மனப்பாடம். தொண்ணூற்றிரண்டில் என் அகதி விண்ணப்பத்துக்கு வந்த கடிதத்திலும் இவைதான் இருந்தன. தலைவருக்கு எண்பத்தெட்டில் வந்தது. இரத்தினத்துக்கு இரண்டு தடவை வந்தது, இரண்டாம் தடவை கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மெட்ரோ படியில் இருந்து அழுதாராம். அவரே சொல்லியிருக்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து வாங்கியதை, அந்தப் பக்கம் போயிருந்து யாருக்காவது கொடுக்க இவ்வளவு காலமும் ஒருவரும் அகப்படவில்லை. இப்போது அகப்பட்டான். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சிடமாட்டார்கள்.

சிவதர்சன் கடிதத்தோடு என் பேருந்திலேயே ஏறினான். சாரதிக்குப் பின்னால் நின்றுகொண்டு முழுப் பாதையும் கூடவே வந்தான்.

"அண்ணை, ரோசாலி அக்கா வாற ஞாயிறு வெளிக்கிடுறா. அம்மா ஆணியும் அடிச்சிட்டா. ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

"ரெக்கூர் எழுதுவம்," என்றேன். மேன்முறையீடு எழுதுவதில் எனக்கு அனுபவம் உண்டு. முதல் தடவை உண்மையை எழுதித் தோற்றவன் நான். அன்று பின்னேரம் தேநீர்க் கடையில் இருந்து ஐந்து பக்கம் எழுதினேன். ஆட்டக்காரர் சிறுவயதிலிருந்தே இடக்கையால் அடித்ததற்காக ஊராரால் துன்புறுத்தப்பட்டார். இருபத்திரண்டாம் வயதில் மட்டையோடு கைதானார். முகவர் ஒருவரின் உதவியோடு, பெயர் தெரியாத ஒரு கப்பலில், பிஸ்கற் தகரத்துக்குள் ஒளிந்து, இருட்டில் திசை தெரியாமல் பிரான்சுக்கு வந்து சேர்ந்தார். திருப்பி அனுப்பினால் உயிராபத்து. சிவதர்சன் வாசித்துவிட்டு, "இதை ஆர் அண்ணை நம்புவினம்?" என்றான்.

ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். இரத்தினம் கண்ணைத் துடைத்தார். "கப்பல் வாற இடம் தத்ரூபம்," என்றார்.

ஆனால் அட்டையைக் கையில் கொடுக்கவில்லை. ஒன்றியத்தால் அங்கீகரிக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர், விழா எடுக்காமல் அனுப்ப முடியுமா? விழா ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு. ரோசாலி அக்கா நாலரைக்கு கார் டு நோர் ஸ்டேசனில் விமான நிலைய ரெயில் எடுக்கவேண்டும். ஒரு மணி விழா இரண்டு மணிக்கு முடியும், கையோடு வாங்கிக்கொண்டு போகலாம் என்று தலைவர் உறுதி சொன்னார்.

ஒரு மணி விழா மூன்று மணிக்குத் தொடங்கியது. மேடையில் ஆளுயரத்துக்குப் பெருப்பித்த ஆட்டக்காரரின் படம். முக்காலியில் சிவப்புப் பட்டு விரித்து, பித்தளைத் தட்டில் அட்டை. பக்கத்தில் சந்தனம், குங்குமம், குத்துவிளக்கு. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்த மாமனிதர் எங்கை பிறந்தவர் எண்டு எங்களுக்குத் தெரியாது. பேரை வாசிக்கேலாமல் இருக்கு. என்ன சாதிச்சவர் எண்டும் ஆதாரம் இல்லை. ஆனபடியால்தான் எங்களாலை இவரை எந்தக் கருத்து வேறுபாடும் இல்லாமல் போற்ற ஏலுமாய் இருக்கு. பேர் தெரிஞ்ச மனிசனைப் போற்றப் போய்த்தானே எங்கட சங்கங்கள் எல்லாம் உடைஞ்சது!"

பலத்த கைதட்டல். அதில் என்னுடையதும் உண்டு. பிறகு அறிவிப்பாளர், மறைந்த ஆட்டக்காரருக்காக ஒரு நிமிடம் அகவணக்கம் என்றார். எல்லாரும் எழுந்தோம். எங்கள் விழாக்களில் இது எப்போதும் நடப்பது, எழச் சொன்னால் கால் தானாக எழும். நானும் தலை குனிந்து நின்றேன். அந்த நிமிடத்தில் இருவர் போய்ப் பெரிய படத்துக்கு மாலை போட்டார்கள். இன்னொருவர் அட்டையைச் சுற்றி மல்லிகைச் சரத்தை வைத்தார்.

அப்போதுதான் சிவதர்சன் வேலையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றான். சேலை வேட்டிக் கூட்டத்துக்கு நடுவே சவர்க்கார மணத்தோடு, நனைந்த சட்டையோடு நின்றான். மேடையில் அவனுடைய அண்ணன் நிற்கிற மாதிரி நிற்கும் ஒருவன். கழுத்தில் மாலை. கீழே விளக்கு. சுற்றிலும் தலை குனிந்த சனம். தலைவர் மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு அட்டைக்கு மேலே குனிந்தார்.

"வைக்காதேங்கோ!"

ஒலிவாங்கி இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைவர் விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன தம்பி? பொட்டு வைக்கிறது மரியாதை."

"செத்தவையின்ரை படத்துக்குத்தான் மாலை போட்டுப் பொட்டு வைக்கிறது. அவர் சாகேல்லை."

"எழுபது வருசத்துக்கு முந்தின ஆளடாப்பா. இருந்தா நூறு வயசு. போயிருப்பார்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"காணேல்லை. அப்ப உயிரோடை இருக்கிறார் எண்டதுக்கு உம்மட்டை என்ன அத்தாட்சி இருக்கு?"

தலைவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அத்தாட்சி கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் சிவதர்சனிடம் அத்தாட்சி இல்லை. அவன் மேடையில் ஏறி, மல்லிகைச் சரத்தைத் தூக்கி முக்காலியில் வைத்துவிட்டு, கையுறை போடாத ஈரக் கையால் அட்டையை எடுத்தான். பெரிய படத்து மாலையையும் கழற்றித் தலைவரின் கையில் கொடுத்தான். கொடுக்க வேறு இடம் இருக்கவில்லை. மாலையோடு நின்ற தலைவரைப் படப்பிடிப்பாளர் பழக்கத்தில் ஒரு படம் எடுத்தார்.

"பொதுமக்கள் அமைதி காக்கவும்!" என்று அறிவிப்பாளர் என்னைப் பார்த்துக் கத்தினார். பொதுமக்கள் அப்போது படியேறி ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அறுபது வயது, மூச்சு வாங்கியது. அவனுக்குப் பின்னால் தெருவைக் கடந்து, ஸ்டேசனுக்குள் இறங்கி, ரோசாலி அக்காவைக் கண்டபோது நாலு இருபத்தெட்டு. அவ அட்டையை வாங்கி, சுருக்குப்பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டா. "ஆளைப் பத்திரமாய்க் கொண்டு போய்ச் சேர்ப்பன்," என்றா. ரெயில் கதவு மூடியது. சிவதர்சன் தளமேடையில் குந்தியிருந்து அழுதான். நான் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் அட்டை கிளிநொச்சியில் சுவரில் ஏறிவிட்டது. கதை அதோடு முடிந்திருக்கவேண்டும். ஒன்றியம் விடுமா? இரண்டு கிழமையில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ஒன்றியத்தின் பதிவேட்டில் ஆட்டக்காரர் மறைந்தவர் பகுதியில் பதியப்பட்டிருக்கிறார். உறுப்பினர் விழா மேடையில் அதை மறுத்திருப்பதால், விதி நாற்பத்தொன்றின்படி, இணைக்கப்பட்ட உயிர்வாழ் சான்றுப் படிவத்தை நெருங்கிய இரத்த உறவினர் ஒருவர் நிரப்பி ஒவ்வோர் ஆண்டும் அனுப்பவேண்டும். தவறினால் ஆட்டக்காரர் காலமானவராகக் கருதப்படுவார். விதி நாற்பத்தொன்று அதற்கு முதல்நாள்தான் எழுதப்பட்டது.

சிவதர்சன் கிழித்துப் போடப்போனான். ஆனால் அன்று தாய் அழைத்தபோது, இங்கே இருப்பவர்களின் கூத்தைப் பார் என்று சிரிப்புக்கு அதை வாசித்துக் காட்டினான். அவ சிரிக்கவில்லை.

"அந்தப் படிவத்தை அனுப்பு," என்றா.

அந்தப் பதினாறு வருடத்தில் அவவிடம் நான்கு தடவை அரசாங்கக் கந்தோர்க்காரர் கடதாசி கொண்டு வந்திருக்கிறார்கள். நான்கும் சேந்தனுடைய மரணச் சான்றிதழுக்கான விண்ணப்பம். கையெழுத்து வைத்தால் உதவிப்பணம் வரும், அலுவல்கள் சுலபமாகும் என்றார்கள். நல்ல மாதிரித்தான் சொன்னார்கள். அவ ஒன்றிலும் வைக்கவில்லை. வேறு மாதிரியான கடதாசி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

படிவம் பன்னிரண்டு நாளில் நிரம்பி வந்தது. ஆட்டக்காரர் பெயர் என்ற இடத்தில் சேந்தன் என்று இருந்தது. உயிருடன் உள்ளாரா? ஓம். உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் தாய். தற்போதைய முகவரி? தெரியாது. நிரந்தர முகவரி? இந்த வீடு.

குழு கூடியது. நான் சண்டை பிடிக்கத் தயாராகப் போயிருந்தேன். மனோரஞ்சிதம் படிவத்தைப் பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நிறைய நேரம் நின்றார். இரத்தினம் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கியவர் எடுக்கவே இல்லை. கடைசியில் மனோரஞ்சிதம், "தொசியே முழுமையாய் இருக்கு," என்றார். இருபது வருடத்தில் அவர் அந்த வசனத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. முத்திரை குத்தி, தலைவர் கையெழுத்து வைத்து, சான்றிதழ் போனது. ஆட்டக்காரர் உயிருடன் உள்ளார், ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். தாய் அதை லமினேட் செய்து அட்டைக்குப் பக்கத்தில் கொழுவியிருக்கிறா. வருகிற போகிறவர்களுக்குக் காட்டுகிறாவாம். பிரான்சிலிருந்து வந்த கடதாசி, முத்திரை இருக்கிறது.

அதன் பிறகு சிவதர்சன் ஒரு கூட்டத்தைத் தவறவிடுவதில்லை. சந்தாவைத் திகதிக்கு முதலே கட்டுகிறான். தலைவரின் பேச்சுக்கு முன்வரிசையில் இருந்து கைதட்டுகிறான். இந்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், தன் படத்தை இரண்டாம் மலரின் உட்பக்கத்தில் போட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில் தலைவர் ஒன்றியத்தைக் கலைத்துவிடப் பிரேரணை கொண்டு வந்தார். இரத்தினம் ஆமோதித்தார். எனக்கும் ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருக்கலாம்.

சிவதர்சன் எழும்பினான்.

"கலைக்கேலாது ஐயா. அம்மாவின்ரை கடதாசி தை மாசத்தோடை முடியுது."

தலைவர் தன் பிரேரணைத் தாளை இரண்டு தடவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மனோரஞ்சிதம் கைப்பையைத் திறந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்து சிவதர்சனைப் பார்த்தார்.

"தம்பி, அம்மாவை வருசா வருசம் அலைக்கழிக்காமல், பத்து வருசத்துக்குப் போட்டு விடட்டோ?"

பத்து வருட விசாவுக்கு வரிசையில் நின்ற எங்கள் வாழ்க்கையில் யாரும் யாருக்கும் கேளாமல் பத்து வருடம் கொடுத்ததில்லை. சிவதர்சன் தலையை ஆட்டினான்.

"வேண்டாம் அக்கா. வருசா வருசம் கேளுங்கோ. அண்ணா இருக்கிறாரோ எண்டு அவவிட்டை வேறை ஒருத்தரும் கேக்கிறேல்லை."